கடைசி இருக்கைக்கும் தெரிய வேண்டும்

நுழையும் முன்

காலை இறைவணக்கக் கூட்டத்தில் பேசுமாறு ஆசிரியர் நம் பெயரை அழைத்ததும் நா வறண்டு, கால்கள் நடுங்கிய பட்டறிவு நம்மில் பலருக்கு உண்டு. பலமுறை மனப்பாடம் செய்த வரிகள் மேடை ஏறியவுடன் மறந்துபோவதும் உண்டு. பேச்சாற்றல் சிலருக்குப் பிறவியிலேயே வாய்ப்பது என்று எண்ணி, நாம் நம்மைத் தேற்றிக்கொள்கிறோம். தம் தமையனின் பெயரைக்கூடத் திருத்தமாக ஒலிக்க இயலாத ஒரு சிறுவன், பின்னாளில் இங்கிலாந்து நாட்டின் புகழ்பெற்ற அறிவியல் சொற்பொழிவாளராக விளங்கிய வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

கொல்லர் வீட்டுப் பிள்ளை

மைக்கேல் ஃபாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள் இலண்டன் மாநகரின் தென்பகுதியில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் ஓர் இரும்புக் கொல்லர். இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிற்றூரில் வாழ்ந்த அவர், பிழைப்புத் தேடி மனைவி மக்களுடன் தலைநகருக்குக் குடிபெயர்ந்தவர். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களில் பிறந்த நமக்கு அவ்வீட்டின் நிலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. தந்தைக்கு உடல்நலம் குன்றியிருந்தது, வருவாய் குறைவு. உணவுப் பொருள்களின் விலை ஏறிய 1801ஆம் ஆண்டில் ஒரு ரொட்டியே சிறுவன் மைக்கேலுக்கு ஒரு வாரத்திற்குரிய பங்காக அளிக்கப்பட்டது.

பள்ளியில் அவன் கற்றவை எழுத்தும் படிப்பும் சிறிது கணக்குமே. ரகர ஒலி அவன் நாவில் வரவில்லை. அவன் தமையன் பெயர் ராபர்ட். அதை அவன் வாபர்ட் என்றே அழைத்தான். நம்மில் சிலருக்கு ழகரம் தரும் தொல்லையை இதனோடு ஒப்பிட்டுக் கொள்ளலாம். பள்ளி ஆசிரியைக்கு இது பொறுக்கவில்லை. சிறுவனை அடித்துத் திருத்த எண்ணி, பிரம்பு வாங்கிவருமாறு ராபர்ட்டிடமே காசு கொடுத்து அனுப்பினார் என்றும், ராபர்ட் அக்காசை மதிலுக்கு அப்பால் எறிந்துவிட்டு வீட்டிற்கு ஓடித் தாயிடம் முறையிட்டான் என்றும், தாய் வந்து இரு பிள்ளைகளையும் பள்ளியிலிருந்து அழைத்துச் சென்றுவிட்டார் என்றும் கூறுவர்.

பதின்மூன்றாம் வயதில் மைக்கேல் ஒரு புத்தகக் கடையில் ஏவலாளாகச் சேர்ந்தான். செய்தித்தாள்களை வீடுவீடாகக் கொண்டுசென்று கொடுப்பது அவன் வேலை. அடுத்த ஆண்டு முதல் அக்கடையிலேயே நூற்கட்டுத் தொழில் பயின்றான். கடையின் உரிமையாளர் ரீபோ நல்ல மனத்தினர். கட்டுவதற்கு வந்த நூல்களைச் சிறுவன் படிப்பதை அவர் தடுக்கவில்லை. கலைக்களஞ்சியத்தில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் என்னும் அம்மையார் எளிய உரையாடல்களாக எழுதிய வேதியியல் நூலும் அவன் கைக்கு இவ்வாறே வந்தன. அறிவை வளர்த்துக்கொள்ளும் முறைகளைக் கூறும் ஐசக் வாட்ஸ் என்பாரின் நூலையும் அவன் படித்தான். சொற்பொழிவுகளுக்குச் செல்க, கேட்டவற்றைக் குறித்துவைக்க என்று அந்நூல் கூறியதை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினான்.

1810ஆம் ஆண்டில் டேட்டம் என்பவர் தம் இல்லத்தில் மாலை வேளைகளில் அறிவியல் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். தந்தையின் தொழிலையே மேற்கொண்டிருந்த தமையன் ராபர்ட் அந்தக் காசைத் தந்து உதவினான். எந்தத் தமையனின் பெயரைச் சொல்ல நா வளையவில்லையோ, அந்தத் தமையனே தம்பிக்கு முதல் அவைக்கதவைத் திறந்துவிட்டான்.

கடிகாரத்திற்கு மேல் ஓர் இருக்கை

1812ஆம் ஆண்டில் ரீபோவின் கடைக்கு வந்த ஒருவர், ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியல் நிறுவனத்தில் நடைபெற்ற சொற்பொழிவுகளுக்கு இளைஞர் மைக்கேலுக்கு அனுமதிச் சீட்டு அளித்தார். பேசியவர் புகழ்பெற்ற வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி டேவி. செல்வர்களும் சீமாட்டிகளும் கீழே நிறைந்திருக்க, மேல்மாடத்தில் கடிகாரத்திற்கு நேர்மேலே அமர்ந்து ஃபாரடே நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டார். கேட்டவற்றை வீட்டில் விரிவாக எழுதினார். கருவிகளின் படங்களை வரைந்தார். தாம் கற்ற தொழிலைக் கொண்டே அத்தாள்களை அழகிய நூலாகக் கட்டினார். அந்நூலை டேவிக்கே அனுப்பி, அறிவியல் சார்ந்த ஏதேனும் ஒரு பணி வேண்டும் என்று கேட்டார். 1813ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் ஆய்வகத்தில் உதவியாளர் பணி கிடைத்தது. சிறு ஊதியமும், கட்டடத்தின் உச்சியில் தங்குவதற்கு இரண்டு அறைகளும் அளிக்கப்பட்டன.

சொற்பொழிவின்போது கருவிகளை எடுத்துக்கொடுப்பதும், சோதனைக்கு வேண்டியவற்றை ஆயத்தம் செய்வதும் உதவியாளரின் கடமைகள். பேசுபவருக்கு அருகில் நிற்பவருக்கு ஒரு வாய்ப்பு உண்டு. பேசுபவரை அவர் பின்னிருந்து காணலாம். கேட்பவர்களின் முகங்களை முன்னிருந்து காணலாம். ஃபாரடே இரண்டையும் உற்று நோக்கினார். எந்த இடத்தில் அவையோர் நிமிர்ந்து அமர்ந்தனர், எந்த இடத்தில் கொட்டாவி விட்டனர், எப்போது கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தனர் என்பனவெல்லாம் அவருக்குப் பாடங்களாயின.

நண்பருக்கு எழுதிய மடல்கள்

பணியில் சேர்ந்து மூன்று திங்கள் கழித்து, அதே ஆண்டு ஜூன் திங்களில், தம் நண்பர் பெஞ்சமின் அபட்டுக்கு அவர் சில மடல்கள் எழுதினார். அவற்றின் பொருள், ஒரு சொற்பொழிவு எவ்வாறு அமைய வேண்டும் என்பதே. அப்போது அவருக்கு அகவை இருபத்தொன்று. ஒருமுறைகூட மேடையேறிப் பேசியதில்லை. தமக்கு அத்தகுதி இல்லை என்பதை அவரே உணர்ந்திருந்தார். ஆயினும், கேட்பவரின் துன்பத்தை நன்கறிந்த ஒருவர் எழுதிய மடல்கள் அவை. அதனால்தான் இருநூறு ஆண்டுகள் கடந்தும் அவை படிக்கத் தக்கனவாய் உள்ளன.

அவர் தொடங்கியது பேச்சிலிருந்தன்று, அரங்கிலிருந்து. மக்கள் நெருங்கி அமர்ந்த அறையில் நல்ல காற்று இல்லாவிடில், எத்துணைச் சிறந்த உரையாயினும் கேட்பவர் மனம் வெளியே செல்வதையே நாடும் என்றார். உள்ளே வரும் வழியும் வெளியேறும் வழியும் நெரிசலின்றி அமைய வேண்டும். ஒவ்வோர் இருக்கையிலிருந்தும் மேசை தெரிய வேண்டும். பேசுபவர் குரல் கேட்க வேண்டும். இவை சரியாக அமைந்தபின்னரே உரையைப் பற்றி எண்ண வேண்டும் என்பது அவர் வைத்த முறை.

அடுத்துக் கருவிகளைப் பற்றி எழுதினார். மேசைமீது பளபளப்பான கருவிகளைக் குவித்து வைத்து அவையோரை மயக்கும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. (இக்காலத்தில் திரையில் வண்ணப் படங்களை மிகுதியாக ஓடவிடுகிறோமே, அதற்கு ஒப்பானது எனலாம்.) ஃபாரடே இதனை விரும்பவில்லை. சொல்லப்படும் கருத்துக்கு எது தேவையோ அது மட்டுமே மேசையில் இருக்க வேண்டும். அவை பேசுபவரை மறைக்கக் கூடாது. ஒன்றன் பின் ஒன்றாக எடுக்கும் வரிசையில் அடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்றார்.

பின்னர்ப் பேசுபவரைப் பற்றிக் கூறினார். அவையோருக்கு முதுகைக் காட்டிப் பேசுதல் தகாது. ஒரே இடத்தில் தூண்போல் நிற்றலும், அங்குமிங்கும் பாய்தலும் தகா. தொடக்கத்திலேயே கேட்பவர் மனத்தில் ஆர்வம் என்னும் சுடரை ஏற்றி, இறுதிவரை அது அணையாமல் காக்க வேண்டும். விரைந்து பேசுதல் கூடாது. எளிதில் விளங்கும் சொற்கள் வேண்டும். சோதனை சிறிது பிழைபட்டால், அதற்காக ஓயாமல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருத்தல் அவையோரின் கவனத்தைக் கெடுக்கும். ஒரு மணி நேரத்திற்கு மேல் எவரையும் அமர்த்தி வைத்தல் ஆகாது. கைதட்டலைப் பெறுவதற்காகவே பேசுபவர் தம் மதிப்பைத் தாமே குறைத்துக்கொள்கிறார் என்பதும் அவர் கருத்து.

இவற்றையெல்லாம் எழுதிய இளைஞரின் நாவில், விரைவும் தடுமாற்றமும் இன்னும் நீங்கவில்லை என்பதை நாம் மறக்கலாகாது. அறிவது ஒன்று, நா வழங்குவது வேறொன்று.

மெதுவாக என்னும் அட்டை

1816ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஃபாரடே முதன்முதலாக அவையில் பேசினார். அந்த அவை பெரிய அரங்கன்று. தம்மைப்போல் உழைத்துப் பிழைத்த இளைஞர்கள் கூடி அறிவியல் பயின்ற சிறு கழகம். பருப்பொருளின் பொதுப் பண்புகள் என்பது தலைப்பு. பெரிய மேடைக்குச் செல்லுமுன் சிறிய மேடையில் பழகிக்கொள்ளும் வாய்ப்பு அவருக்கு இங்கே கிடைத்தது.

1818ஆம் ஆண்டில் பெஞ்சமின் ஸ்மார்ட் என்னும் பேச்சுப் பயிற்சி ஆசிரியரின் வகுப்புகளில் சேர்ந்தார். சிறு ஊதியத்தில் வாழ்ந்தவர் அதிலிருந்து பணம் எடுத்துக் குரலுக்குச் செலவிட்டார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அங்குக் கேட்டவற்றை நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்களில் குறித்துவைத்தார். பின்னாளில் அதே ஆசிரியரைத் தம் சொற்பொழிவுக்கு அழைத்து, அவையில் அமர்ந்து குறைகளைக் கண்டு கூறுமாறு வேண்டினார். மக்ராத் என்னும் நண்பரும் இப்பணியைச் செய்தார். அவையில் ஒருவராக அமர்ந்து, தவறாக ஒலித்த சொல், தடுமாறிய இடம், கையசைவில் கண்ட பிழை ஆகியவற்றை அவர் குறித்துக்கொள்வார். நண்பர்கள் பாராட்டினால் மகிழாதார் இல்லை. குறை கூறுவதற்கென்றே நண்பரை அமர்த்திக்கொள்பவர் மிகச் சிலரே.

ஆயினும் விரைந்து பேசும் பழக்கம் எளிதில் விடவில்லை. அதற்கு ஃபாரடே ஓர் உத்தி கண்டார். மெதுவாக என்று பொருள்தரும் ஒரே சொல்லைப் பெரிய எழுத்துகளில் ஓர் அட்டையில் எழுதி, பேசும்போது கண்ணெதிரே வைத்துக்கொண்டார். உணர்ச்சி மிகுந்து பேசும்போது அந்த அட்டையும் கண்ணில் படாமல் போகும். அப்போது உதவியாளர் ஆண்டர்சன் அதை எடுத்து நேர்முன்னே வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆண்டர்சன் முன்னாள் படைவீரர். இட்ட கட்டளையை அப்படியே நிறைவேற்றுபவர். ஒரு நாள் இரவு வீட்டிற்குப் போகச் சொல்ல ஃபாரடே மறந்துவிட்டமையால், விடியும்வரை உலைக்குத் தீயிட்டுக்கொண்டே இருந்தார் என்று அவரைப் பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. அத்தகையவர் நீட்டிய அட்டையை எவரும் புறக்கணிக்க முடியாது! நேரம் முடியப் போவதை அறிவிக்கவும் வேறோர் அட்டை இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலைகள்

1825ஆம் ஆண்டில் ஃபாரடே அந்நிறுவனத்தின் ஆய்வக இயக்குநரானார். அப்போது நிறுவனம் பணமுடையில் சிக்கித் தவித்தது. உறுப்பினர்கள் பெருகினாலன்றி ஆய்வகமே நிலைக்காது என்ற நிலை. ஃபாரடே உறுப்பினர்களையும் அவர்தம் விருந்தினரையும் வெள்ளிக்கிழமை மாலைகளில் அழைத்து, ஒவ்வொரு வாரமும் ஒரு பொருளைப் பற்றிச் சோதனைகளுடன் விளக்கும் கூட்டங்களைத் தொடங்கினார். 1826ஆம் ஆண்டின் முதல் கூட்டத்தில் அவரே இரப்பரைப் பற்றிப் பேசினார். கூட்டங்கள் புகழ்பெற்றன, உறுப்பினர்கள் சேர்ந்தனர், நிறுவனம் தலைநிமிர்ந்தது. அவர் தம் பேச்சுக்காகப் பட்ட பாடு, அவர் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த ஆய்வகத்தையே இவ்வாறு காத்தது. எழுபது ஆண்டுகளுக்குப் பின், 1897ஆம் ஆண்டில், நம் நாட்டு அறிஞர் ஜகதீச சந்திர போஸ் மின் அலைகளைப் பற்றி விளக்கிக் காட்டியதும் இதே வெள்ளிக்கிழமை மேடையில்தான்.

அவையோருக்குத் தெரிந்திருக்கும் என்று எதனையும் ஃபாரடே விட்டுவிடுவதில்லை. கையைத் திறந்தால் கல் கீழே விழும் என்பதை யார் அறியார்? ஆயினும் அதைக் கூற நேர்ந்தால், கல்லை எடுத்துக் கையைத் திறந்து விழச் செய்தே காட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. காது கேட்கும் வேளையில் கண்ணும் காண வேண்டும் என்று அவர் கருதினார். காந்தத்தைப் பற்றிச் சிறுவர்களுக்குப் பேசுகையில், நிலக்கரி வாளியையும் நெருப்புக் கிளறும் கம்பியையும் இடுக்கியையும் எடுத்துப் பெரிய மின்காந்தத்தின்மீது வீசினார். அவை அதில் ஒட்டிக்கொண்டு நின்றன. கடைசி வரிசையில் இருந்த சிறுவனுக்கும் அது தெரிந்தது. அரங்கு முழுவதும் ஆரவாரம் எழுந்தது.

மெழுகுவர்த்தியின் வரலாறு

சிறுவர் சிறுமியருக்கென்றே கிறிஸ்துமசு விடுமுறையில் நடத்தப்பட்ட சொற்பொழிவுகளை 1827 முதல் 1860 வரை பத்தொன்பது முறை ஃபாரடே ஏற்று நடத்தினார். பெரும் பேராசிரியர் ஒருவர் குழந்தைகளுக்குப் பேசுவதற்கு இத்துணை உழைக்க வேண்டுமா என்று அவர் எண்ணியதே இல்லை. ஓராண்டில் அரசியின் கணவர் தம் மைந்தர்களுடன் வந்து முன்வரிசையில் அமர்ந்தார். இளவரசர்களுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் காட்டப்பட்டவை அதே சோதனைகளே.

அவர் நடத்திய கடைசித் தொடர் 1860ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கியது. அப்போது அவருக்கு அகவை அறுபத்தொன்பது. தேர்ந்துகொண்ட பொருள் மெழுகுவர்த்தி. அரிய கருவிகள் பல அவரிடம் இருந்தன. ஆயினும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலும் இரவுதோறும் எரிந்த ஒன்றையே அவர் மேசைமீது வைத்தார். இயற்கை விதிகள் பலவும் அந்தச் சிறு சுடரில் அடங்கியுள்ளன என்பது அவர் துணிபு.

பலவகை மெழுகுவர்த்திகளை வரிசையாகக் காட்டினார். கடலில் மூழ்கிய ஒரு போர்க்கப்பலிலிருந்து பல்லாண்டுகளுக்குப் பின் எடுக்கப்பட்ட மெழுகுவர்த்தியையும் காட்டினார். உப்புநீரில் அத்துணைக் காலம் கிடந்தும் ஏற்றியவுடன் அது எரிந்தது. பிறகு, எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தி ஒன்றை மெல்ல ஊதி அணைத்தார். திரியிலிருந்து வெண்புகை எழுந்தது. எரியும் குச்சி ஒன்றைத் திரிக்குச் சற்றுத் தொலைவில் அப்புகையில் காட்டியதும், நெருப்புப் புகைவழியே தாவிச்சென்று திரியைப் பற்றிக்கொண்டது. எரிவது ஆவியான மெழுகே என்னும் உண்மையை, விளக்கம் கூறுமுன்பே, பிள்ளைகளின் கண்கள் அறிந்துகொண்டன. ஆறாவது சொற்பொழிவில், மெழுகுவர்த்தி எரிதலும் நாம் மூச்சுவிடுதலும் ஒத்த நிகழ்வுகளே என்னும் இடத்திற்கு அவர்களை அழைத்துவந்தார். முதல் நாளிலேயே அதைக் கூறியிருந்தால் ஒருவருக்கும் விளங்கியிராது. ஆறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் ஏதேனும் ஒன்றைக் கண்ணால் காணச் செய்து உயர்த்தியமையால், பத்து வயதுப் பிள்ளையும் உடன் ஏற முடிந்தது. இச்சொற்பொழிவுகள் 1861ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன, இன்றும் அச்சிடப்படுகின்றன.

இறுதிக் குறிப்புத் தாள்

இத்துணைத் திட்டமிட்டவருக்கு ஒரு பகை உடலுக்குள்ளேயே இருந்தது. நடுத்தர அகவை முதலே அவர் நினைவாற்றல் தளர்ந்து வந்தது. காலையில் எண்ணியது மாலையில் மறந்தது. பழகிய பெயர்கள் நழுவின. மேடையில் பேசவேண்டியவற்றின் தலைப்புகளையும் செய்துகாட்ட வேண்டிய சோதனைகளையும் தாளில் குறித்துச் செல்லும் அவருடைய வழக்கம், முதுமையில் ஊன்றுகோலாயிற்று. 1861ஆம் ஆண்டில், சிறுவர்களுக்கான சொற்பொழிவுகளிலிருந்து விலகிக்கொள்வதாக நிறுவனத்திற்கு எழுதினார்.

1862ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 20ஆம் நாள் வெள்ளிக்கிழமை. எரிவளி உலைகளைப் பற்றி அவர் பேசினார். அரங்கு நிறைந்திருந்தது. உரையின் நடுவே, அவருடைய குறிப்புகளில் தவறுதலாக நெருப்புப் பட்டுவிட்டது. ஒவ்வொரு கருவிக்கும் இடம் வகுத்து வாழ்ந்த ஒருவரின் மேசையில் அவ்வாறு நேர்ந்ததை அவையோர் வருத்தத்துடன் கண்டனர்.

அன்று பேசுவதற்கென அவர் ஆயத்தம் செய்திருந்த குறிப்புகளில் உலையைப் பற்றியவை மட்டும் இல்லை. தம்மைப் பற்றியும் சில தலைப்புகளை வழக்கம்போல் எண்ணிட்டு வரிசைப்படுத்தியிருந்தார். அவ்வரங்கில் கழிந்த இன்பமான ஆண்டுகள், நினைவு தவறுதல், கற்றவற்றைத் தேவையான வேளையில் எடுத்துத்தர மனம் மறுத்தல், பிறருக்கு நீதி செய்ய விரும்பியும் இயலாமை என அவை அமைந்திருந்தன. விடைபெறுதல் என்பதே அவற்றுள் கடைசியாக நின்ற சொல். அதனையும் அவையோரிடம் கூறிவிட்டு, அவர் மேடையை விட்டு இறங்கினார்.